திரைக்குள் ஒரு கதவு

வீடு என்று ஒன்று இருந்தால் அதற்கு வாசல் உண்டு. வாசல் இருந்தால் கதவும் உண்டு. அக்கதவைத் திறந்து கூடத்திலிருந்து அடுக்களைக்குச் செல்கிறோம். இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது? கூடத்தை அடுத்து அடுக்களை முன்பே இருக்கிறது. நாம் நடக்கிறோம், அவ்வளவே. ஆனால் வீடியோ விளையாட்டின் திரையில் தோன்றும் கதவு அத்தகையதன்று. அதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை! நம் கதாநாயகன் அதன் முன்னே நிற்க, நாம் மேல்நோக்கும் பொத்தானை அழுத்திய பிறகுதான் அப்பாலுள்ள அறை பிறக்கிறது. அதே கணத்தில் இப்பாலுள்ள அறை அழிகிறது. இந்த விந்தைக் கதவுகளைப் பற்றி நாங்கள் படித்தும் ஆடியும் அறிந்தவற்றைத் தோழியரோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம். "விளையாட்டைப் பற்றியும் ஒரு கட்டுரையா?" என்று முகம் சுளிக்கும் பெற்றோரும் சற்றுப் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறோம்.

இங்கு நாங்கள் எடுத்துக்கொள்வது, மேடைக்கு மேடை தாவிச் செல்லும் விளையாட்டுகளை. இவற்றைப் பிளாட்பாரம் விளையாட்டுகள் என்பர். (ரயில் நிலையத்துப் பிளாட்பாரத்திற்கும் இதற்கும் உறவில்லை. ஆயினும் ஓரத்தில் நின்றால் ஆபத்து என்பது இரண்டிற்கும் பொது.) 1981ஆம் ஆண்டு ஜப்பானிய நிறுவனமான நின்டெண்டோ வெளியிட்ட 'டாங்கி காங்' இவ்வகையில் புகழ்பெற்ற தொடக்கக்கால விளையாட்டு. அதில் ஆடுகளம் முழுவதும் ஒரே திரைக்குள் அடங்கிவிடும். ஒன்றை முடித்தால் அடுத்தது வரும். ஆகவே கதவுக்குத் தேவையே எழவில்லை.

ஆடுகளம் திரையைவிடப் பெரிதானபோதுதான் 'இங்கிருந்து அங்கே எப்படிப் போவது?' என்னும் கேள்வி பிறந்தது. 1982இல் டேவிட் கிரேன் என்பவர் அமைத்த 'பிட்ஃபால்' அக்கேள்விக்கு ஓர் அழகான விடை தந்தது. காட்டிலே புதையல் தேடி ஓடும் ஒரு மனிதன். அவனுக்கு 20 நிமிடம் அவகாசம். மொத்தம் 255 காட்சிகள். ஒரு காட்சியின் ஓரத்தைத் தாண்டினால் அடுத்த காட்சி வரும். ஏணி வழியே கீழே இறங்கிச் சுரங்கத்தில் ஓடினாலோ, ஒரே ஓட்டத்தில் மூன்று காட்சிகளைக் கடந்துவிடலாம்! கதவு என்று பெயர் இல்லாவிட்டாலும் அந்த ஏணி செய்வது கதவின் வேலைதான். கணக்கில் ஆர்வமுள்ள தங்கையர் இதை எண்ணிப் பார்க்கவும்: 255 காட்சிகளும் ஒரு வட்டமாக அமைந்தவை, 255ஐ மூன்றால் வகுத்தால் மீதி வராது. எனவே ஒருவன் மேலே ஏறாமல் சுரங்கத்திலேயே சுற்றினால், வழியில் செங்கற்சுவர் எதுவும் மறிக்காது என்று வைத்துக்கொண்டாலும், 85 காட்சிகளை மட்டுமே கண்டு புறப்பட்ட இடத்திற்கே வந்து சேர்வான். மற்ற 170 காட்சிகளும் அவனுக்குக் கிடையா. குறுக்குவழிக்கும் ஒரு விலை உண்டு போலும்!

இனி, கதவின் உள்ளமைப்பைக் காண்போம். கணிப்பொறிக்குக் கதவு என்றால் மரமும் தாழ்ப்பாளும் அல்ல. சில எண்கள் மட்டுமே. எந்த அறைக்குப் போக வேண்டும் என்பதற்கு ஓர் எண். அங்கே எந்த இடத்தில் கதாநாயகனை நிறுத்த வேண்டும் என்பதற்குக் குறுக்களவு ஒன்று, உயர அளவு ஒன்று. நாம் வரைபடத்தாளில் புள்ளி குறிக்கிறோமே, அதே முறைதான். கதாநாயகன் கதவின் மேல் நிற்கிறானா, பொத்தான் அழுத்தப்பட்டதா என்று ஒவ்வொரு வினாடியும் பலமுறை கணிப்பொறி சரிபார்க்கிறது. இரண்டும் 'ஆம்' என்றால் திரையை இருட்டாக்கி, பழைய அறையின் படத்தைத் துடைத்து, புதிய அறையை வரைந்து, குறித்த புள்ளியில் நம் ஆளை நிறுத்தி, மீண்டும் வெளிச்சம் தருகிறது. நாடக மேடையில் திரை விழுந்து எழுவதற்குள் அரண்மனை காடாக மாறுகிறதல்லவா? அதைப் போன்றதே இது. இருட்டு இல்லையென்றால் அரைகுறைக் காட்சி கண்ணில் பட்டுவிடும்.

அந்நாளைய இயந்திரங்களுக்கு இத்தகைய உபாயம் ஏன் தேவைப்பட்டது என்பதையும் அறிய வேண்டும். 1983இல் ஜப்பானில் வெளிவந்த நின்டெண்டோவின் 'ஃபேமிகாம்' இயந்திரத்தில், ஆட்டம் நடக்கும்போது எழுதி வைத்துக்கொள்ளும் நினைவகம் 2 கிலோபைட் மட்டுமே. அதாவது 2048 சிறு கட்டங்கள். கதாநாயகன் எங்கே நிற்கிறான், எத்தனை உயிர் மீதி, எதிரிகள் எங்கே என்பவை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். வெளியேறிவிட்ட அறையில் யார் யார் எங்கெங்கே இருந்தனர் என்று நினைவு வைக்க இடம் ஏது? அதனால்தான் பழைய விளையாட்டுகள் பலவற்றில் கதவைத் தாண்டித் திரும்பி வந்தால், நாம் வீழ்த்திய எதிரி மறுபடியும் உயிரோடு நிற்கிறான். பகைவன் மாயாவி என்பதாலன்று. கதவுக்கு மறதி என்பதால்!

எண்தான் கதவு என்பதற்கு வேடிக்கையான சான்று ஒன்று உண்டு. 1985இல் ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் உருவாக்கிய 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' விளையாட்டில் கதவுகளுக்குப் பதில் பச்சைக் குழாய்கள் உள்ளன. முழு விளையாட்டும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் இதைவிடப் பன்மடங்கு பெரிது. முதல் உலகின் இரண்டாம் கட்டத்தில், கூரையின் மேலேறி இறுதிவரை ஓடினால் மூன்று குழாய்கள் தென்படும். அவற்றின் மேல் 4, 3, 2 என்று எழுதியிருக்கும். எந்த எண்ணின் குழாயில் இறங்குகிறோமோ அந்த உலகிற்கு நேரே போய்விடலாம். திரையில் எழுதப்பட்டிருக்கும் அந்த எண்தான் கணிப்பொறிக்குப் போகுமிடத்தின் எண்ணும் ஆகும். சிக்கனமான ஏற்பாடு!

ஆனால் இங்கேதான் ஒரு தவறு ஒளிந்திருந்தது. சுவரின் மூலையில் ஒருவகையாகத் தாவினால் மாரியோ செங்கல்லை ஊடுருவி, அந்தக் குழாய்களுக்குரிய எண்கள் சரியாக ஏற்றப்படும் முன்பே அங்கு சென்றுவிட முடியும். அப்போது இயந்திரத்திடம் இருப்பது வேறொரு மண்டபத்திற்குரிய பட்டியல். அதில் நடுக்குழாய்க்கு மட்டும் 5 என்று எண். இரு பக்கமும் வெற்றிடம். வெற்றிடத்திற்கும் கணிப்பொறியில் ஓர் எண் உண்டு. 0 முதல் 9 வரை பத்து இலக்கங்கள், அடுத்து ஆங்கில எழுத்துகள் இருபத்தாறு, ஆக 0 முதல் 35 வரை தீர்ந்தன. அடுத்து வரும் 36தான் வெற்றிடம். எனவே மாரியோ 36ஆம் உலகிற்கு அனுப்பப்படுகிறான்! இருப்பது எட்டே உலகங்கள். திரையில் வெற்றிடமும் அதன்பின் ஒரு சிறு கோடும் 1 என்ற இலக்கமும் தோன்றுவதால் ஆடுவோர் அதற்கு 'மைனஸ் உலகம்' என்று பெயரிட்டனர். அது நீருக்குள் அமைந்த ஒரு கட்டம். இறுதியில் உள்ள குழாயில் நுழைந்தால் மீண்டும் அதன் தொடக்கத்திலேயே கொண்டுபோய் விடும். கார்ட்ரிட்ஜ் வடிவில் வந்த அந்தப் பதிப்பில் அதற்கு வெளிவழியே கிடையாது. நேரம் தீரும்வரை நீந்த வேண்டியதுதான். யாரும் கட்டாத ஓர் அறைக்கு ஒரு கதவு திறந்துவிட்டது என்பதை நினைக்கும்போது எங்களுக்குச் சிரிப்பும் வருகிறது, சிறிது அச்சமும் வருகிறது.

1986இல் வந்த 'மெட்ராய்டு' கதவுக்குப் பூட்டையும் பொருளையும் தந்தது. அதில் நீலக் கதவு சாதாரணக் குண்டு ஒன்றுக்கே திறக்கும். சிவப்புக் கதவுக்கு ஏவுகணை ஐந்து வேண்டும். ஏவுகணை கிடைக்காதவரை அக்கதவைக் கடந்து செல்ல இயலாது. கிடைத்தபின் எங்கோ முன்பு கண்ட சிவப்புக் கதவை நினைவுகூர்ந்து திரும்பி ஓட வேண்டும். இவ்வாறு கதவே ஆடுபவரின் நினைவாற்றலுக்குத் தேர்வு வைக்கிறது. மற்றொரு நுட்பமும் உண்டு. அங்கே நீண்ட தாழ்வாரத்தில் படம் பக்கவாட்டில் மட்டுமே நகரும்; ஆழ்ந்த கிணறு போன்ற அறையில் மேலும் கீழும் மட்டுமே நகரும். இரண்டும் கதவருகே சந்திக்கின்றன. இதில் கவசமணிந்து போராடும் சாமஸ் ஒரு பெண் என்பது, ஆட்டத்தை விரைந்து முடித்தவர்க்கே இறுதியில் தெரியவரும். இதனைக் குறிப்பிடாமல் போக எங்களுக்கு மனமில்லை!

கதவுகளிலெல்லாம் சிறந்த கதவு எது என்று எங்களைக் கேட்டால், 1988இல் அமெரிக்காவில் வெளிவந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2' என்போம். இதன் பிறப்பே விசித்திரம். ஜப்பானில் 1986இல் வந்த இரண்டாம் மாரியோ மிகக் கடினமாக இருந்ததால், அமெரிக்கருக்கு வேறொன்றைத் தர எண்ணினர். 1987இல் ஃபூஜி தொலைக்காட்சியின் விழாவை ஒட்டி வந்த 'டோக்கி டோக்கி பானிக்' என்ற விளையாட்டை எடுத்து, அதிலிருந்த நால்வருக்குப் பதில் மாரியோ, லூய்ஜி, டோட், இளவரசி ஆகியோரை அமர்த்தினர். முதல் விளையாட்டில் சிறைப்பட்டுக் காத்திருந்த இளவரசி இதில் தானே ஓடுகிறாள். காற்றில் சிறிது நேரம் மிதக்கவும் செய்கிறாள்.

இங்கே கதவை நாமே உண்டாக்கலாம். மண்ணிலிருந்து பிடுங்கிய மருந்துக் குப்பியைத் தரையில் எறிந்தால், எறிந்த இடத்தில் ஒரு கதவு முளைக்கும். உள்ளே சென்றால் நாம் நின்ற அதே இடம், கண்ணாடியில் கண்டதுபோல் இடம் வலமாக மாறி, இருண்டு கிடக்கும். சில நொடிகளே அங்கிருக்கலாம். அதற்குள் காளானைக் கண்டெடுத்தால் உயிர்வலிமை கூடும். ஆனால் காளான் குறிப்பிட்ட இடத்தில்தான் இருக்கும். குப்பியை எங்கே எறிவது என்று தேர்ந்து எறிய வேண்டும். பூட்டிய கதவுகளும் உண்டு. சாவி ஓரறையில், பூட்டு வேறோர் அறையில். சாவியை எடுத்த மாத்திரத்தில் சுவரிலிருந்த முகமூடி ஒன்று விழித்துக்கொண்டு நம்மைத் துரத்துகிறது. சுவரும் அதற்குத் தடையன்று. ஒரு கதவைத் தாண்டினாலும் அங்கேயும் வந்துவிடும். சாவியைக் கீழே போட்டால் அது விலகிவிடும். மீண்டும் எடுத்தால் மீண்டும் வரும். மறதியே இயல்பான கதவுகளுக்கிடையே மறக்காத ஒன்றை விட்டுவைத்தார்களே, அந்தக் கற்பனையைப் பாராட்டத்தான் வேண்டும்.

கதவின் வழியே வந்து விழும் இடமும் முக்கியம். 1984இல் மேத்யூ ஸ்மித் எழுதிய 'ஜெட் செட் வில்லி'யில் உயிர் போனால், அந்த அறைக்குள் எந்த இடத்தில் நுழைந்தோமோ அங்கேயே மறுபடி தோன்றுவோம். மிக உயரத்திலிருந்து விழுந்தபடியே ஓர் அறைக்குள் நுழைந்திருந்தால்? தரையில் மோதி உயிர் போகும், மீண்டும் உயரத்தில் தோன்றுவான், மீண்டும் விழுவான். ஆடுபவர் விரலை அசைக்கும் முன் எல்லா உயிரும் தீர்ந்துவிடும். இதனை வேடிக்கை என்று சிலர் சொல்லலாம். நாங்கள் அநியாயம் என்றே சொல்வோம்.

பிற்காலத்தில் கதவு வேறொரு பணியையும் மேற்கொண்டது. 1990களில் வந்த 'பிளேஸ்டேஷன்' இயந்திரம் விளையாட்டைக் குறுந்தகட்டிலிருந்து படித்தது. வேகம் நொடிக்கு ஏறத்தாழ 300 கிலோபைட். அதன் 2 மெகாபைட் நினைவகத்தை நிரப்பவே ஏழு நொடி ஆகும். 1996இல் வந்த 'ரெசிடென்ட் ஈவில்' (இது பிளாட்பாரம் விளையாட்டன்று) அந்த நேரத்தில் இருளில் ஒரு கதவு மெல்லத் திறப்பதைக் காட்டியது. காத்திருக்கிறோம் என்பதே தெரியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தனர் ஆடியோர்.

இவற்றையெல்லாம் படித்த ஆர்வத்தில் நாங்கள் சிலர் 'ஸ்கிராட்ச்' என்னும் எளிய கணிப்பொறி மொழியில் இரண்டே அறையுள்ள ஒரு சிறு விளையாட்டை எழுதத் துணிந்தோம். முதல் நாளே கதவு எங்களைப் படாதபாடு படுத்திற்று. பொத்தானை அழுத்தினால் எங்கள் பொம்மை இரண்டாம் அறைக்குப் போகும். போன வேகத்திலேயே முதலறைக்குத் திரும்பும். இப்படி மின்னல்போல் மாறி மாறித் துடித்தது. காரணம் பிறகே புரிந்தது. பொம்மை போய் நிற்பது இரண்டாம் அறைக் கதவின் மேல். எங்கள் விரலோ இன்னும் பொத்தானை விட்டு எழவில்லை. 'விரல் எடுக்கும்வரை பொறு' என்று ஒரு வரி சேர்த்ததும் துடிப்பு அடங்கிற்று.

அதைவிடப் பெரிய பிழையை நாங்கள் காணவில்லை. எங்களுள் ஒருத்தியின் தங்கை, நான்காம் வகுப்பில் படிப்பவள், ஆசையோடு ஆடிப் பார்த்தாள். இரண்டாம் அறையில் சாவியை எடுத்தாள், முதலறைக்கு வந்து பூட்டைத் திறக்கப் போனாள், திறக்கவில்லை. சாவியைத் தேடித் திரும்பிச் சென்றாள், அங்கும் இல்லை. சாவி எடுக்கப்பட்டது என்பதை அறை நினைவில் வைத்திருந்தது. அது அவள் கையில் இருக்கிறது என்பதைக் கதவைத் தாண்டும்போது எங்கள் விளையாட்டு மறந்துவிட்டது. அரைமணி நேரம் அவள் அவ்விரு அறைகளுக்குள் அலைந்திருக்கிறாள். நாங்கள் வந்து பார்த்தபோது கண்களில் நீர் முட்ட, "எனக்கு மூளை இல்லை அக்கா, வழி தெரியவில்லை" என்றாள். வழியே இல்லாத இடத்தில் அடைத்து வைத்தவர்கள் நாங்கள். ஆனால் அவள் குறை கூறிக்கொண்டதோ தன்னை!

அன்று மாலையே பிழையைத் திருத்தினோம். சாவி கையில் இருக்கிறதா என்பதை எந்த அறைக்கும் சொந்தமில்லாத தனி இடத்தில் எழுதி வைத்தோம். எழுதியது நாங்களே, தவறும் எங்களுடையதே என்று அவளிடம் சொன்னோம். நம்பியதாகத் தெரியவில்லை. மறுநாள் மூன்று நிமிடத்தில் ஆடி முடித்துவிட்டு, கதவுக்குப் பச்சை நிறம் பூசியிருக்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.