படக்குழாயும் காரீயமும்

தமிழக அரசு 2006 இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள் இலவசமாக வழங்கப்பட்டன. செங்கற்பட்டு நகர்முதல் மாமல்லபுரத்தை அடுத்த தேவனேரி, கொக்கிலமேடு போன்ற மீனவர் குப்பங்கள்வரை பல இல்லங்களில் வண்ணப்படம் நுழைந்தது அவற்றின் வழியேதான். தட்டைத் திரைகள் வந்தபின் அப்பெட்டிகள் காயலான் கடைகளை நாடின. அங்கே அவை என்னவாகின்றன என்பதைச் சற்றுக் காண்போம்.

பெட்டியின் உயிர் படக்குழாய். அதனுள் எலக்ட்ரான் கற்றை 20,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தத்தால் விரைந்து திரையைத் தாக்கும்போது எக்ஸ் கதிர்களும் எழும். அவை நம்மீது படாதிருக்கவே, புனல் போன்ற பின்பகுதிக் கண்ணாடியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு காரீய ஆக்சைடு சேர்த்தனர். (ரசம் வைக்கும் ஈயச் சொம்பை எண்ணி அஞ்ச வேண்டாம், அது வெள்ளீயம்.) வீட்டில் நம்மைக் காத்த அதே பொருள் வெளியே நஞ்சாகிறது!

பெட்டியை உடைப்பவருக்கு வேண்டியது குழாயின் கழுத்தைச் சுற்றியுள்ள செம்புக் கம்பிச் சுருள். கழுத்தை ஒடித்தால் அது சுலபமாகக் கழன்றுவிடும். செம்புக்கு நல்ல விலை உண்டு, கண்ணாடியை வாங்குவாரில்லை. எனவே அது குப்பைமேட்டைச் சேர்கிறது.

முழுக் கண்ணாடியிலிருந்து காரீயம் எளிதில் வெளிவராது. நொறுங்கித் தூளானாலோ கதை வேறு. குப்பையில் உணவு அழுகும்போது அசிட்டிக் அமிலம் உண்டாகிறது; அதனுடன் காரீயம் சேர்ந்து நீரில் கரையும் அசிட்டேட்டாகிறது. ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்கரைசலை வைத்தால் என்ன ஆகும் என்று நம் அன்னையரைக் கேட்டால் சொல்வார்கள். அமிலத்தின் வேலை இங்கும் அதுதான். களிமண் காரீயத்தை ஓரளவு பற்றிக்கொள்ளும். கடற்கரை மணலுக்கு அந்த ஆற்றல் குறைவு. அங்கே நிலத்தடி நீரோ அதிக ஆழத்தில் இல்லை.

பெருந்தீங்கு சிறுவர்களுக்கே. வயிற்றுக்குள் செல்லும் காரீயத்தில் பெரியவர்களைவிட 4, 5 மடங்கு அதிகமாக அவர்கள் உடல் ஏற்கிறது. மூளை வளர்ச்சி குன்றுகிறது. தீங்கற்ற அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. கம்பியை எரித்துச் செம்பெடுப்பதும் கொடிதே. பி.வி.சி. உறையின் குளோரின் டையாக்சினாக மாறுகிறது. அதற்கு வினையூக்கி அந்தச் செம்பேதான்.

சட்டம் இல்லாமலில்லை. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள் மறுசுழற்சிக்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்கின. ஆயினும் அதற்கான சான்றிதழ்க் கணக்கு முதற்கட்டமாகத் தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியம் ஆகியவற்றுக்கே அமைந்தது. இவை விலையுள்ளவை, சட்டம் இல்லாவிடினும் யாரேனும் பிரித்தெடுப்பர். காரீயக் கண்ணாடியை அல்லவா முதலில் எழுதியிருக்க வேண்டும்? அதுவரை, வீட்டு மூலையில் கிடக்கும் பழைய பெட்டியைக் குழாய் உடையாமல் முழுதாக, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற நிலையத்தாரிடமே ஒப்படைக்கலாம். காயலான் கடைக்காரர் தருவதைவிடச் சில ரூபாய் குறையலாம்.