கப்பல் ஏறிய கோப்பை! கப்பல் ஏறாத இந்தியா!

உலகத்தில் கால்பந்து ஆடாத நாடே இல்லை என்று சொல்லலாம். உலகக் கால்பந்துக் கழகத்தில் 200-க்கும் அதிகமான நாடுகள் சேர்ந்திருக்கின்றன.

ஆனால், உலகக் கோப்பையை வென்ற நாடுகள் எத்தனை தெரியுமா?

எட்டே எட்டு!

1930-ம் ஆண்டு முதல் 2022-ம் ஆண்டு வரை 22 தடவை போட்டி நடந்தது. 22 தடவையும் இந்த எட்டு நாடுகள்தான் மாறி மாறிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போயின.

அந்தப் போட்டியில் ஆட இந்தியாவுக்கும் ஒரு தடவை இடம் கிடைத்தது. இந்தியா போகவில்லை!

ஏன் போகவில்லை?

கப்பலில் வந்த கோப்பை

செட்டிநாட்டு மக்களுக்குக் கப்பல் பயணம் புதிதல்ல. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் ஆகிய ஊர்களில் உள்ள பெரிய வீடுகளைப் பார்த்தாலே அது தெரியும். தூண்கள் பர்மாத் தேக்கு. தரை இத்தாலிப் பளிங்கு. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்குக்கும், சென்னையில் கப்பல் ஏறி ரங்கூனுக்கும் போய், லேவாதேவி செய்து பொருள் சேர்த்தவர்கள் கட்டிய வீடுகள் அவை.

உலகக் கோப்பையின் கதையும் கப்பலில்தான் தொடங்குகிறது.

முதல் போட்டி 1930-ம் ஆண்டு, தென் அமெரிக்காவில் உள்ள உருகுவே நாட்டில் நடந்தது. ஐரோப்பாவில் இருந்து அங்கே போக வேண்டுமானால் இரண்டு வாரம் கடலில் இருக்க வேண்டும். "அவ்வளவு தூரமா?" என்று பெரிய நாடுகள் பின்வாங்கின. பிரான்ஸ், பெல்ஜியம், ருமேனியா, யூகோஸ்லாவியா ஆகிய நான்கு நாடுகள் மட்டுமே துணிந்து புறப்பட்டன.

பிரான்ஸ், பெல்ஜியம், ருமேனியா ஆட்டக்காரர்கள் "கோன்டே வெர்டே" என்ற ஒரே கப்பலில் போனார்கள். எதிரிகளாக ஆட வேண்டியவர்கள் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். கப்பலின் மேல்தளத்திலேயே ஓடிப் பயிற்சி செய்தார்கள். உலகக் கால்பந்துக் கழகத் தலைவர் ஜூல்ஸ் ரிமேயும் அதே கப்பலில் வந்தார். அவருடைய பெட்டிக்குள் இருந்தது கோப்பை!

யாருடைய பந்து?

மொத்தம் 13 நாடுகள் ஆடின. கடைசி ஆட்டத்தில் மோதியவை உருகுவேயும் அர்ஜென்டினாவும். இரண்டும் பக்கத்து நாடுகள். பங்காளிச் சண்டைக்குக் கேட்க வேண்டுமா?

"எங்கள் பந்தில்தான் ஆட வேண்டும்" என்றது அர்ஜென்டினா. "முடியாது, எங்கள் பந்து" என்றது உருகுவே. முடிவில் ஒரு சமரசம் ஏற்பட்டது. முதல் பாதியில் அர்ஜென்டினாவின் பந்து. இரண்டாம் பாதியில் உருகுவேயின் பந்து!

முதல் பாதியில் அர்ஜென்டினா 2-1 என்று முன்னால் நின்றது. பந்து மாறியது. ஆட்டமும் மாறியது. உருகுவே 4-2 என்று ஜெயித்தது.

நான்காவது கோலைப் போட்டவர் ஹெக்டர் காஸ்ட்ரோ. சிறு வயதில் மின்சார ரம்பத்தில் சிக்கி ஒரு கையை இழந்தவர் அவர். ஒரு கை இல்லாத அந்த வீரர்தான் முதல் உலகக் கோப்பையின் கடைசிக் கோலை அடித்தார்! மறுநாள் உருகுவே முழுவதும் விடுமுறை.

கட்டிலுக்கு அடியில் கோப்பை

1934, 1938 ஆகிய இரண்டு போட்டிகளிலும் இத்தாலி வென்றது. அதன் பிறகு உலக யுத்தம் மூண்டது. 12 வருடம் போட்டியே இல்லை.

யுத்த காலத்தில் கோப்பை இத்தாலியில் இருந்தது. பகைவர் கையில் சிக்கிவிடுமோ என்று அஞ்சிய ஒட்டோரினோ பராசி என்ற கால்பந்துக் கழக அதிகாரி, அதைச் செருப்புப் பெட்டியில் வைத்துத் தம் கட்டிலுக்கு அடியில் மறைத்தார். உலகமே விரும்பும் கோப்பை, செருப்புப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது!

கை நழுவிய வாய்ப்பு

யுத்தம் முடிந்து, 1950-ல் பிரேசில் நாட்டில் போட்டி நடந்தது. இந்தியா இருந்த தகுதிப் பிரிவில் பர்மா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் ஆகியவையும் இருந்தன. செட்டிநாட்டுக் குடும்பங்கள் பல கடை வைத்திருந்த அதே பர்மாதான்! மூன்று நாடுகளும் விலகிக்கொண்டன. ஓர் ஆட்டம்கூட ஆடாமல் இந்தியாவுக்கு இடம் கிடைத்தது. இத்தாலி, சுவீடன், பராகுவே ஆகிய நாடுகளோடு ஆட வேண்டும் என்று பட்டியலும் போட்டுவிட்டார்கள்.

ஆனால் இந்தியா கப்பல் ஏறவில்லை.

"வெறுங்காலோடு ஆட விடமாட்டார்கள் என்பதால்தான் போகவில்லை" என்று பலரும் சொல்வதுண்டு. 1948-ல் லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய வீரர்கள் பலர் பூட்ஸ் இல்லாமல் ஆடியது உண்மைதான். ஆனால், போகாததற்கு அது மட்டுமே காரணம் அல்ல. அணியைத் தேர்ந்தெடுப்பதில் கருத்து வேற்றுமை, பயிற்சிக்கு நேரம் போதவில்லை என்று கால்பந்துச் சங்கம் சொன்னது.

அந்தக் காலத்து அணித் தலைவர் சைலன் மன்னா பிற்காலத்தில் விஷயத்தை உடைத்துச் சொன்னார். அப்போது எல்லோருக்கும் ஒலிம்பிக்தான் பெரிதாகத் தெரிந்ததாம். உலகக் கோப்பையின் அருமை யாருக்கும் தெரியவில்லையாம்!

அந்தப் போட்டியில் என்ன நடந்தது? ரியோ நகரத்து மரக்கானா மைதானத்தில் சுமார் 2 லட்சம் பேர் கூடினார்கள். பிரேசில் ஜெயிப்பது நிச்சயம் என்று ஊரே நம்பியது. ஆனால் உருகுவே 2-1 என்று ஜெயித்தது. மைதானமே அழுதது. மக்கள் தொகையில் சென்னை நகரத்தைவிடச் சிறிய நாடு உருகுவே. அது இரண்டாம் தடவையாகக் கோப்பையை வென்றது!

நாய் கண்டுபிடித்தது!

அழுத பிரேசில் எட்டே வருடத்தில் எழுந்தது. 1958-ல் 17 வயதுச் சிறுவன் ஒருவன் வந்தான். அவன் பெயர் பெலே. பிரேசில் 1958, 1962, 1970 என்று மூன்று தடவை வென்றது. மூன்று முறை வென்ற நாட்டுக்குக் கோப்பை நிரந்தரமாகச் சொந்தம் என்பது விதி. கோப்பையைப் பிரேசிலே வைத்துக்கொண்டது.

அதற்கு முன்பு, 1966-ல் லண்டனில் கண்காட்சியில் வைத்திருந்த கோப்பை திருட்டுப் போனது. போலீஸார் தேடினார்கள். கண்டுபிடித்தது யார்? "பிக்கிள்ஸ்" என்ற நாய்! வேலியோரத்தில் காகிதத்தில் சுற்றிக் கிடந்ததை அது மோப்பம் பிடித்தது. அந்த வருடம் இங்கிலாந்தே கோப்பையை வென்றது.

1983-ல் ரியோ நகரத்தில் மீண்டும் திருட்டு! இந்தத் தடவை கோப்பை திரும்பவே இல்லை. 1974 முதல் வழங்கப்படுவது வேறு கோப்பை. தங்கத்தால் ஆனது. எடை 6 கிலோவுக்கு மேல்.

எட்டு நாடுகள் எவை?

2022 வரை கணக்கு இதுதான்:

பிரேசில் - 5 தடவை
ஜெர்மனி - 4
இத்தாலி - 4
அர்ஜென்டினா - 3
உருகுவே - 2
பிரான்ஸ் - 2
இங்கிலாந்து - 1
ஸ்பெயின் - 1

ஆசியாவில் இருந்தோ ஆப்பிரிக்காவில் இருந்தோ ஒரு நாடுகூட இந்தப் பட்டியலில் இல்லை.

இந்தியாவுக்குத் திறமை இல்லையா?

இருந்தது! 1951-ல் டெல்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஈரானை வென்று இந்தியா தங்கப் பதக்கம் பெற்றது. 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காவது இடம் பிடித்தது.

1962-ல் ஜகார்த்தாவில் மீண்டும் ஆசியத் தங்கம்! கடைசி ஆட்டத்தில் தென் கொரியா 1-2 என்று தோற்றது. அன்று இந்திய கோல் கீப்பராக நின்றவர் பீட்டர் தங்கராஜ். நீலகிரி வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமென்ட் அணியில் ஆடிப் புகழ் பெற்றவர். பயிற்சி அளித்தவர் ரஹீம். புற்றுநோயோடு போராடியபடியே அணியை நடத்திய அவர், மறு வருடமே காலமானார்.

ஆசியாவையே வென்ற அந்த வீரர்களில் ஒருவர்கூட உலகக் கோப்பையில் ஆடியதில்லை.

2017-ல் 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பை இந்தியாவிலேயே நடந்தது. டெல்லியில் கொலம்பியாவுக்கு எதிராக ஜீக்சன் சிங் தலையால் முட்டி ஒரு கோல் போட்டான். உலகக் கால்பந்துக் கழகம் நடத்தும் உலகக் கோப்பைப் போட்டிகளில் இந்தியாவின் முதல் கோல் அதுதான். ஆட்டத்தில் இந்தியா 1-2 என்று தோற்றது. ஆனாலும் மைதானம் அதிரக் கைதட்டல் எழுந்தது.

1950-ல் வாய்ப்பு தானாக வந்தது. இனி அப்படி வராது. ஆடித்தான் பெற வேண்டும். வெறுங்காலோடு ஆடி ஒலிம்பிக்வரை போன நாட்டுக்கு அது முடியாத காரியமா?