முதற் கையெழுத்து யாருடையது?

ஊர்ப் பொதுவழியில் ஒருவர் சுவரெழுப்பி வண்டி போகவொட்டாமல் அடைத்துவிட்டாலும், குடியிருப்பின் நடுவே தோல் கிடங்கொன்று துர்நாற்றம் பரப்பி ஜனங்களின் தேக சுகத்தைக் கெடுத்தாலும், அதனைப் பொதுஜன உபத்திரவமென்று காட்டி மாஜிஸ்திரேட்டிடம் முறையிடலாமென்பது பலர் அறிந்ததே, ஆனால் கோட்டாட்சியரிடம் தொடங்கிய வழக்கு தாசில்தாருக்குப் போய்விட்டதென்று கேட்டதும், மனுதாரர் கலங்குவதும், எதிர்த்தரப்பார் "இவருக்கு ஏது அதிகாரம்?" என்று துள்ளுவதும் வழக்கமாயிருக்கின்றன. இரண்டும் அவசரமே.

1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152ஆம் பிரிவாக நிற்கிறது. உபத்திரவத்தை அகற்று, அன்றேல் வந்து காரணம் சொல் என்னும் நிபந்தனை உத்தரவை மாவட்ட மாஜிஸ்திரேட்டோ, கோட்ட மாஜிஸ்திரேட்டான கோட்டாட்சியரோ, மாநில அரசாங்கம் விசேஷமாக அதிகாரமளித்த நிர்வாக மாஜிஸ்திரேட்டோதான் பிறப்பிக்கலாம். ஆயினும், தம் முன்னிலையில் மட்டுமன்றித் தமக்குக் கீழ்ப்பட்ட வேறொரு நிர்வாக மாஜிஸ்திரேட்டின் முன்னிலையிலும் ஆஜராகக் கட்டளையிடலாமென்று அப்பிரிவே சொல்வதாலும், தம்மிடம் தொடங்கிய நடவடிக்கையைக் கீழுள்ளவரிடம் ஒப்படைக்கப் பழைய சட்டத்தின் 411ஆம் பிரிவு இடமளித்ததாலும், அவ்வேற்பாடு புதியதிலும் தொடர்வதாலும், விசேஷ அதிகாரமற்ற தாசில்தாரும் நிர்வாக மாஜிஸ்திரேட் என்ற ஹோதாவில் அவ்வழக்கை விசாரிக்கலாம்.

அபாயம் வேறிடத்தில் இருக்கிறது. மேலதிகாரி உத்தரவெதுவும் பிறப்பிக்காமல், "தக்க நடவடிக்கைக்கு" என்றெழுதி மனுவை மாத்திரம் கீழே தள்ளிவிட, விசேஷ அதிகாரம் பெறாத தாசில்தார் தாமே நிபந்தனை உத்தரவில் கையெழுத்திட்டால், அந்நடவடிக்கை செல்லாததாகிவிடும். பழைய சட்டத்தின் 461ஆம் பிரிவு இதனைச் சிறு முறைகேடாகக் கருதி மன்னிக்கவில்லை. (நமது அலுவலகங்களில் "தக்க நடவடிக்கைக்கு" என்னும் அந்த இரண்டு சொற்கள் செய்திருக்கும் அநர்த்தம் கொஞ்சமல்ல.) ஆகையால் இரு தரப்பாரும் முதலில் செய்யவேண்டியது, நிபந்தனை உத்தரவின் சான்றிட்ட நகலைப் பெற்று, அதன் அடியிலுள்ள கையெழுத்தையும், வழக்கை ஒப்படைத்த உத்தரவையும் பார்ப்பதேயாம்.

வழக்கைப் பெற்றவர் உத்தரவை அப்படியே உறுதிசெய்துவிட முடியாது. பாதையையோ வாய்க்காலையோ பற்றிய வழக்கானால், அங்கே பொது உரிமை உண்டென்பதை எதிராளி மறுக்கிறாரா என்று முதலில் கேட்டு, மறுப்புக்கு நம்பத்தக்க சாட்சியமிருந்தால், தகுதியுள்ள நியாயஸ்தலம் அவ்வுரிமையைத் தீர்மானிக்கும்வரை நடவடிக்கையை நிறுத்தவேண்டும். இல்லாவிடில் சாட்சியம் பதிவுசெய்து, புதிய சட்டப்படி 90 நாட்களுக்குள், காரணம் எழுதி நீட்டினால் 120 நாட்களுக்குள், முடிக்கவேண்டும்.

எதிராளி நகராட்சியாயிருந்தாலும் இதே முறைதான். ரத்லாம் நகரத்துச் சாக்கடை வழக்கில், பணமில்லையென்று நகராட்சி சொன்ன சமாதானத்தை 1980இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் ஏற்கவில்லை, கோட்ட மாஜிஸ்திரேட்டின் உத்தரவே நிலைபெற்றது.

முடிவில் அதிகாரப் பிழையிருப்பதாகக் கருதுபவர், 90 நாட்களுக்குள் செஷன்ஸ் நீதிமன்றத்தில் சீராய்வு மனுச் செய்யலாம்.