சேற்றில் இருக்கும் ஈயம் யாருடையது?

சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி நம்ம பழவேற்காடு. இறால், நண்டு, மீனை நம்பி கரை நெடுக மீனவக் கிராமங்கள். தெற்கே எண்ணூரில் அனல்மின் நிலையங்கள், துறைமுகங்கள், தொழிற்சாலைகள். ரெண்டையும் பக்கிங்காம் கால்வாய் இணைக்குது.

ஏரிச் சேற்றில் ஈயம் எவ்வளவுன்னு ஆய்வகத்தில் அளந்துடலாம். ஆனா அது எங்கிருந்து வந்தது? நிலக்கரிச் சாம்பலா, பழைய பெட்ரோல் புகையா, பேட்டரிக் கழிவா, இல்ல பாறையிலிருந்து இயற்கையா வந்ததா? அளவு மட்டும் இருந்தா ஒவ்வொருத்தரும் அடுத்தவரைக் கைகாட்டிட்டுப் போயிடலாம். ஐசோடோப்பு உதவுவது இங்கதான்.

ஈயத்துக்கு நான்கு நிலையான ஐசோடோப்புகள்: 204, 206, 207, 208. யுரேனியமும் தோரியமும் சிதையச் சிதைய, கடைசி மூன்றும் கூடிக்கிட்டே வரும், 204 கூடாது. அதனால் தாதுவின் வயதையும், அது உருவான பாறையில் இருந்த யுரேனியத்தையும் பொறுத்து 206/207 விகிதம் மாறும். ஆஸ்திரேலியாவின் பிரோக்கன் ஹில் சுரங்க ஈயத்தில் இது சுமார் 1.04. சாதாரண மண்ணில் பெரும்பாலும் 1.2க்குப் பக்கத்தில். உருக்கினாலும் எரிச்சாலும் விகிதம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும்.

ஒரு கற்பனைக் கணக்கு: ஊர் மண்ணில் 1.20, ஆலைக் கழிவில் 1.10, ஏரிச் சேற்றில் 1.13 என்று வைங்க. (1.20 − 1.13) ÷ (1.20 − 1.10) = 0.7. அதாவது சேற்று ஈயத்தில் தோராயமா 70 சதவீதம் ஆலையிலிருந்து வந்தது.

எப்போ வந்ததுன்னும் கேட்கலாம். குழாயை இறக்கிச் சேற்றை அடுக்கு கலையாம எடுத்தா, கதிரியக்க ஈயம் 210 (அரை ஆயுள் சுமார் 22 ஆண்டு) ஒவ்வொரு அடுக்கின் வயதையும் சொல்லும். இந்தியாவில் ஈயப் பெட்ரோல் விற்பனை 2000இல் நின்னுடுச்சு. அதுக்கு அப்புறம் படிஞ்ச அடுக்கிலும் ஈயம் ஏறிக்கிட்டே இருந்தா, பழியைப் பெட்ரோல் மேல போட முடியாது.

ஒரு சிக்கலும் உண்டு. சாம்பலின் விகிதமும் ஊர் மண்ணின் விகிதமும் ஒன்றா இருந்தா இந்தக் கணக்கு பிரிச்சுக் காட்டாது. அப்போ 208/206 விகிதத்தையோ, துத்தநாகம், பாதரசம் போன்றவற்றின் ஐசோடோப்புகளையோ சேர்த்துப் பார்க்கணும். சேற்றை மட்டும் எடுத்தா போதாது; சாம்பல் குட்டை, ஆலை வடிகால் மாதிரிகளும் கைக்கு வரணும்.

2010ஆம் ஆண்டின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், மாசுபடுத்தியவரே ஈடு கட்டணும் என்ற கொள்கையை ஏற்குது. வலை காலியா வரும் மீனவருக்கு அந்தச் சட்டம் பயன்படணும்னா, மாசுபடுத்தியவர் யார்னு முதலில் தெரியணும். அதைச் சொல்ல உதவும் சாட்சி, தசமப் புள்ளிக்குப் பின்னால் மாறும் இந்த விகிதம்.