கருத் தங்கும் வகை

தமிழில் வழங்கும் சொற்களுள் 'தங்குதல்' என்பது மிக்க நுட்பம் வாய்ந்தது. 'கருத் தங்கிற்று' என்றும், 'இம்முறையும் தங்கவில்லை' என்றும் கூறுவது தமிழ்க் குடும்பங்களில் நெடுங்கால வழக்கு. மாதப் பூப்புத் தோன்றிய பின் பன்னிரண்டு நாளும் கணவன் மனைவியைப் பிரிந்து உறைதல் ஆகாது என்று தொல்காப்பியக் கற்பியல் விதிக்கிறது. உரையாசிரியர்கள் அதனைக் கருத் தங்கும் காலத்தோடு இயைத்துப் பொருள் கூறினர். கரு உண்டாவது வேறு, அது தங்குவது வேறு என்பதை இச்சொல்லே உணர்த்துகிறது. இன்றைய உடலியலும் அதனையே கூறுகிறது.

முட்டையும் விந்தணுவும் கூடுவது கருப்பையில் அன்று. அதன் இருமருங்கிலும் உள்ள கருக்குழாய்களுள் ஒன்றில்தான். கூடிய கரு ஒன்று இரண்டாய், இரண்டு நான்காய்ப் பிரிந்துகொண்டே நகர்ந்து, மூன்று நான்கு நாட்களில் கருப்பையை அடைகிறது. ஐந்தாம் நாளில் அது நூறு உயிரணுக்கள் அளவில் வளர்ந்து, உள்ளே நீர் கொண்ட சிறு பந்து போல் ஆகிறது. அதன் உட்புறத்தே ஒரு பக்கமாகத் திரண்டிருக்கும் உயிரணுக்கள் குழந்தையாக வளரும். புறத்தே சூழ்ந்தவை நச்சுக்கொடியை ஆக்கும். அதுவரை கருவைப் போர்த்தியிருந்த உறை கிழிய, கரு வெளிப்பட்டுத் தங்குமிடம் நாடுகிறது.

அதற்குள் கருப்பையும் ஆயத்தமாகிறது. முட்டை வெளிப்பட்ட சூலகத்தில் தோன்றும் மஞ்சள் திரள், புரோஜெஸ்டிரோன் என்னும் இயக்குநீரைச் சுரக்கிறது. அதனால் கருப்பையின் உட்படலம் தடித்துக் குருதி நாளங்கள் நிறைந்து மென்மையாகிறது. எனினும், அது கருவை ஏற்கும் காலம் ஒவ்வொரு மாதமும் சில நாட்களே.

ஈப்போவைச் சூழ்ந்த பழைய ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்தோர்க்கு இதனை ஓர் உவமையால் விளக்கலாம். ரப்பர் நாற்றில் ஒட்டுக் கட்டும்போது மொட்டு உயிருடையதாக இருத்தல் வேண்டும். நாற்றின் பட்டையும் எளிதில் உரியும் பருவத்தில் இருத்தல் வேண்டும். இரண்டில் ஒன்று தவறினும் ஒட்டுப் பிடிக்காது. கருவின் நிலையும் அத்தகையதே. ஆயின், நாற்றில் மொட்டை வைத்துக் கட்டுவது மனிதன் கை. இங்கே ஒட்டும் வேலையைக் கருவே செய்துகொள்கிறது.

அவ்வேலை மூன்று படிகளில் நிகழ்கிறது. முதலில் கரு உட்படலத்தை மெல்லத் தொடுகிறது. பின் இறுக ஒட்டுகிறது. அதன்பின் உள்ளே புகுகிறது. குருதியின் வெள்ளணுக்கள் நாளச் சுவரைப் பற்றிக்கொள்ள உதவும் ஒரு வகைப் புரதம், கருவின் புறத்தேயும் இருந்து தொடக்கப் பிடிப்புக்கு உதவுகிறது என்று 2003ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். ஏறத்தாழப் பன்னிரண்டாம் நாளில் கரு முழுதும் படலத்துள் பதிந்துவிடுகிறது. பதியும்போதே அதன் புறவணுக்கள் ஓர் இயக்குநீரைத் தாயின் குருதியில் கலக்கின்றன. அது மஞ்சள் திரள் வாடாமல் காப்பதால் அம்மாதப் பூப்பு நின்றுவிடுகிறது. கருத் தங்கியதைச் சிறுநீர்ச் சோதனை காட்டுவதும் இவ்வியக்குநீரைக் கொண்டே.

1999ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, கருத் தங்கும் நாளை ஆராய்ந்தது. ஆறு வாரமேனும் நிலைத்த கருக்களுள் 84 விழுக்காடு, முட்டை வெளிப்பட்ட பின் 8, 9, 10ஆம் நாட்களில் தங்கியவை. ஒன்பதாம் நாளுக்குள் தங்கியவற்றுள் 13 விழுக்காடே விரைவில் அழிந்தன. பதினோராம் நாளுக்குப் பின் தங்கியவற்றுள் 82 விழுக்காடு அழிந்தன. 1988ஆம் ஆண்டின் மற்றோர் ஆய்வில், தங்கிய 198 கருக்களுள் 31 விழுக்காடு நிலைக்கவில்லை. அவ்வாறு அழிந்தவற்றுள் பெரும்பாலானவை, பெண் கருவுற்றதாக அறியப்படுமுன்னரே அழிந்தன.

இவ்வெண்கள் உணர்த்துவது யாது? கரு நிலையாமை அரிய தீங்கு அன்று. இயல்பாகவே பலர்க்கும் நேர்வது. தொடக்க வாரங்களில் அழியும் கருக்களுள் ஏறத்தாழப் பாதியில் குரோமோசோம்களின் எண்ணிக்கை பிறழ்ந்திருக்கிறது. அப்பிறழ்ச்சி பெரும்பாலும் முட்டையோ விந்தணுவோ உருவாகும்போதே தற்செயலாய் நேர்ந்துவிடுகிறது. ஆதலின், பெண்ணின் நடையையோ உணவையோ ராசியையோ குறை கூறுவதற்கு இடமில்லை. 'மலடி' என்னும் சொல்லால் புண்பட்ட பெண்கள் எத்துணையோ பேர்! அச்சொல்லுக்கு அறிவியலில் இடமில்லை.

கருவின் குறையன்றிப் புறத்தே இருந்து வந்த கேடும் உண்டு. காடழித்து ரப்பர் நட்ட தொடக்க ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களை மலேரியாக் காய்ச்சல் வாட்டியது. அக்கிருமி புகுந்த சிவப்பணுக்கள் நச்சுக்கொடியில் ஒட்டித் தேங்கும் இயல்புடையவை. அதனால் கருச்சிதைவும், எடை குறைந்த குழந்தை பிறத்தலும் நேர்கின்றன. தாய்க்குக் குருதிச் சோகையும் மிகுகிறது. லயத்து வீடுகளில் பெண்கள் கருவை இழந்தபோது, குற்றம் பலவேளை சதுப்பு நீரிலும் கொசுவிலும் இருந்தது. அவர்கள் வயிற்றில் அன்று.

கரு தங்கத்தகாத இடத்தில் தங்குவதும் உண்டு. நூறு கருவில் ஒன்று அல்லது இரண்டு, கருப்பையை அடையாமல் பெரும்பாலும் குழாயிலேயே பதிந்துவிடுகின்றன. குழாய் வளரும் கருவைத் தாங்காது. வெடித்தால் வயிற்றுள் குருதி கொட்டும். 1883ஆம் ஆண்டில் பர்மிங்காம் நகரில் இலாசன் டெய்ட் என்னும் மருத்துவர், வெடித்த குழாயை அகற்றி ஒரு பெண்ணைக் காத்தார். அதுமுதல் இது தீர்க்கக்கூடிய நோயாயிற்று. ஆயினும், காலம் தாழ்த்தினால் எந்த மருத்துவமும் பயன்படாது. ஈப்போவுக்கோ பத்து காஜாவுக்கோ செல்ல நெடுந்தொலைவு செம்மண் சாலையைக் கடக்க வேண்டியிருந்த தோட்டத்துப் பெண்ணுக்கு அத்தொலைவே பகையாயிற்று.

இன்று அத்தோட்டங்களுள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. மக்களும் நகரங்களில் குடியேறினர். சாலையும் மருத்துவமனையும் அண்மையில் உள்ளன. இனி அறியாமை ஒன்றே தொலைவு. பூப்புத் தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிற்றில் ஒருபக்க வலி, சிறிதளவு குருதிக் கசிவு, தோள்முனை வலி, மயக்கம் ஆகியவற்றுள் எது தோன்றினும், 'விடியட்டும்' என்று காத்திராமல் உடனே மருத்துவமனையை அடைதல் வேண்டும். குழாய் வெடிக்குமுன் கண்டால், பலர்க்கு அறுவையின்றி மருந்தாலேயே தீர்வு காணலாம்.

தங்குதல் என்பது கருவும் கருப்பையும் உரிய நாளில் உரிய இடத்தில் இசைவது. அவ்விசைவு பலமுறை தவறுவது இயற்கை. தவறியபோது பெண்ணுக்கு வேண்டியது பழிச்சொல் அன்று; ஆறுதலும் காலத்தே கிடைக்கும் மருத்துவமுமே.