கால்போன வழி – 9: காவடியில் வந்த கண்ணி

சென்ற வாரம் உக்ரைனில், கார்க்கிவ் வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் நின்றுவிட்டோம். நாடோடி ஞானியும் பாவலருமான ஹிரிகோரி ஸ்கோவொரோடா கண்மூடிய ஊர். அவர் நினைவாக அங்கே இருந்த அருங்காட்சியகத்தின் மேல் 2022 மே மாதம் ரஷ்ய ஏவுகணை விழுந்தது. கூரை எரிந்து சரிந்தது. உள்ளே இருந்த அவருடைய சிலை மட்டும் கரிபிடித்த சுவர்களுக்கு நடுவே நின்றது. அவர் பிறந்து 300 ஆண்டு நிறைகிற ஆண்டு அது. கையில் தடி, பைக்குள் எபிரேய வேதாகமம், கூடவே ஒரு குழல். கடைசி 25 ஆண்டுகளைச் சொந்த வீடு என்று ஒன்றில்லாமல் நடந்தே கழித்தவர் என்பதுவரை சொல்லியிருந்தேன்.

அதை எழுதிக்கொண்டிருந்தபோதே என் காதில் வேறொரு குரல் கேட்டபடி இருந்தது. அதைச் சொல்லாமல் இந்தத் தொடரில் மேலே நகர எனக்கு மனம் வரவில்லை.

1960களின் நடுவில், பினாங்கின் ஜார்ஜ் டவுனில் சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். காலையில் அந்தச் சந்து வழியாக நாசி கண்டார் விற்கும் பெரியவர் ஒருவர் வருவார். நாங்கள் எல்லோரும் அவரை மாமா என்றே கூப்பிடுவோம். தோளில் காவடிக் கம்பு. ஒரு பக்கக் கூடையில் சோற்றுப் பானை, மறுபக்கம் மீன் குழம்பு, இறைச்சி, முட்டை, வெண்டைக்காய். காவடி சுமக்கிறவருடைய நடை தனி. நம்மைப்போல நடந்தால் குழம்பு அலம்பிக் கொட்டிவிடும். கம்பு வளைந்து இறங்குகிற நேரத்துக்கும் நிமிர்ந்து எழுகிற நேரத்துக்கும் கால் பொருந்தி விழ வேண்டும். மாமாவுக்கு அந்தத் தாளத்தைக் கொடுத்தது ஒரு பாட்டு. இரண்டிரண்டு அடியாகப் போகும். ஒவ்வொரு இரண்டாம் அடியும் ‘பராபரமே’ என்று முடியும். அந்தச் சொல் வருகிற இடத்தில் சில சமயம் கம்பைத் தோள் மாற்றுவார். குரல் நிற்காது, காலும் நிற்காது. கம்பு அழுத்தி அழுத்தி அவருடைய தோளில் கழலைபோல ஒரு காய்ப்பு இருந்தது. சின்னப் பிள்ளைகள் நாங்கள் அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறோம்.

ஒருநாள் கேட்டேன். “யாரு பாட்டு மாமா?”

“எங்க ஊர்க்காரர் பாட்டு, தம்பி. தொண்டியார் பாட்டு.”

“அவர் எங்க இருக்கார்?”

“அவர் எங்க இருந்தார்? நடந்துகிட்டே இருந்தார். இப்போ மெட்ராஸ்ல அடங்கியிருக்கார்.”

மாமா தொண்டியார் என்று சொன்னவர் குணங்குடி மஸ்தான் சாகிபு. இராமநாதபுரச் சீமையில் தொண்டிக்குப் பக்கத்தில் உள்ள குணங்குடியில் பிறந்தவர். பிறந்த ஆண்டு 1792 என்று பரவலாகச் சொல்கிறார்கள். இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். கீழக்கரையில் தைக்கா சாகிபுவிடம் மார்க்கக் கல்வி கற்றார். வீட்டில் மாமன் மகளை அவருக்குப் பேசி வைத்திருந்தார்கள். மணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பதினேழு வயதில் கிளம்பிப் போனார் என்பது அவருடைய வரலாற்றில் வழிவழியாக வரும் செய்தி. திருச்சியில் ஷாம் சாகிபுவிடம் ஞான தீட்சை பெற்றார். திருப்பரங்குன்றத்து சிக்கந்தர் மலையில் நாற்பது நாள் தனித்திருந்தார். யானைமலை, நாகமலை, சதுரகிரி என்று மலை மலையாக அலைந்தார். கிடைத்ததைத் தின்று, குப்பைமேட்டிலும் படுத்து, தன்னை மறந்து பாடித் திரிந்தவரை ஊரார் மஸ்தான் என்றார்கள். மஸ்த் என்றால் பாரசீகத்தில் போதையேறிய என்று பொருள். இறைக்காதலில் போதையேறியவர் மஸ்தான்.

கடைசியில் வடசென்னைக்கு வந்து சேர்ந்தார். இராயபுரத்துக்கு அருகே முள்ளும் புதருமாகக் கிடந்த இடத்தில் பாவா லெப்பை என்பவர் தங்க இடம் கொடுத்தார். தொண்டியார் இருந்ததால் அது தொண்டியார்பேட்டை ஆயிற்று, பிறகு தண்டையார்பேட்டை என்று மருவிற்று என்பார்கள். ஐம்பது வயதைத் தொடாமல் 1838ல் அங்கேயே அடங்கினார்.

இவருடைய காலத்தையும் எங்கள் ஊரின் காலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஆங்கிலேயரான பிரான்சிஸ் லைட் பினாங்கில் பிரிட்டிஷ் கொடியேற்றியது 1786ல். குணங்குடியார் பிறந்தபோது இந்தத் துறைமுகத்துக்கு வயது ஆறு. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த மரைக்காயர்களையும் லெப்பைகளையும் இங்கே சூலியா என்றார்கள். 1794ல் லைட் எழுதி வைத்த கணக்கில் அவர்கள் சுமார் ஆயிரம் பேர். அதற்கு மேல் ஆண்டுதோறும் 1300 முதல் 2000 பேர்வரை கப்பலில் வந்து, உழைத்துச் சேர்த்ததை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். அதை எழுதிய ஆண்டின் அக்டோபரிலேயே லைட் இறந்துபோனார். மறு மாதம் ஸ்கோவொரோடா இறந்தார். அப்போது குணங்குடியார் தவழ்ந்து எழுந்து நடை பழகும் குழந்தை. மூன்று பேருக்கும் ஒருவரையொருவர் தெரிய வழியில்லை. ஆனால் நடக்கத் தொடங்கிய அந்தக் குழந்தையின் பாட்டை லைட்டின் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தவர்கள் அந்தச் சூலியாக்களின் வழிவந்தவர்கள். கப்பலில் வருகிறவனிடம் ஒரு டிரங்குப் பெட்டிக்கு மேல் என்ன இருக்கும்? பாட்டுக்கு அந்த இடம்கூட வேண்டாம்.

கண்ணி என்பது அதற்கென்றே அமைந்த வடிவம்போல எனக்குப் படுகிறது. இரண்டே அடி. அதிலேயே எண்ணம் முடிந்துவிடும். முன்பின் மறந்தாலும் நடுவிலிருந்து எடுத்துப் பாடலாம். குணங்குடியாருக்கு முன்னால் தாயுமானவர் பராபரக்கண்ணி பாடியிருக்கிறார். அவர் அடங்கியதும் இராமநாதபுரத்தில்தான். அந்த மெட்டை, அந்த முடிவுச் சொல்லை இந்த முஸ்லிம் பக்கீர் தயக்கமில்லாமல் எடுத்துக்கொண்டார். நிராமயக்கண்ணி, றகுமான் கண்ணி, எக்காளக்கண்ணி, நந்தீசுவரக் கண்ணி என்று பாடிக்கொண்டே போனார். முகியித்தீன் சதகமும் அவருடையது, அகத்தீசன் சதகமும் அவருடையது. இந்த இரண்டு பெயர்களும் ஒரே மனிதரின் நூல் பட்டியலில் இருப்பதை இளம் வாசகர்கள் ஒரு நிமிடம் நின்று கவனிக்க வேண்டும்.

மனோன்மணிக்கண்ணியில் அவர் செய்தது இன்னும் துணிச்சலானது. தமிழ் பக்தியில் இறைவன் நாயகன், பாடுகிறவர் நாயகி. ஆண்டாளுக்கும் அதுதான், மாணிக்கவாசகருக்கும் அதுதான். பாரசீக சூஃபிகள் இறைவனைக் காதலியாகப் பாடுவார்கள். குணங்குடியார் அந்தப் பாரசீக முறையை எடுத்தார். காதலிக்கு அவர் வைத்த பெயரோ சித்தர்களின் யோக நெறியில் அம்மைக்குரிய மனோன்மணி. மனம் கடந்த நிலைக்கும் அதுதான் பெயர். இரண்டு மரபும் தெரிந்து, இரண்டிலும் ஊறியவரால்தான் இப்படிச் சேர்க்க முடியும். மார்க்கத்துக்கு இது ஒத்துவருமா என்று கேட்டவர்கள் உண்டு. ஸ்கோவொரோடாவையும் மானிகேயர், மதபேதக்காரர் என்று சிலர் தூற்றினார்கள். இருவரும் அதற்காகப் பாட்டைத் திருத்தி எழுதவில்லை.

இரண்டு பேரும் உலகத்தை வெறுத்து ஓடியவர்கள் என்று மேம்போக்காகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஸ்கோவொரோடா விட்டது பதவியை. ரஷ்யப் பேரரசியின் அரண்மனைப் பாடகர் குழுவில் இருந்துவிட்டு வந்தவர் அவர். கார்க்கிவ் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். துறவியாகச் சொன்னார்கள், மறுத்தார். ஆளுநர் ஒருவர் ‘ஏன் ஒரு வேலையில் அமரக்கூடாது’ என்று கேட்டபோது, உலகம் ஒரு நாடக மேடை, எனக்குப் பொருந்திய வேடத்தை நான் எடுத்துக்கொண்டேன் என்ற பொருளில் பதில் சொன்னார். ஆனால் மனிதர்களை அவர் விடவில்லை. நண்பர்களின் பண்ணைகளில், தேனீத் தோட்டங்களில் தங்கினார், கடிதம் எழுதினார், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். குணங்குடியாரும் காட்டிலேயே மறைந்துவிடவில்லை. அவர் வந்து உட்கார்ந்தது சென்னைப் பட்டணத்தின் ஓரத்தில். தேடி வந்தவர்கள் எல்லோருக்கும் இடம் இருந்தது.

யார் தேடி வந்தார்கள் என்பதுதான் இந்த வாரம் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. திருத்தணிகை சரவணப்பெருமாளையர் வந்தார். திருக்குறளை அச்சில் கொண்டுவந்த தொடக்ககாலப் பதிப்பாசிரியர்களில் ஒருவர், வீரசைவர், பெரும் தமிழ்ப் புலவர். அவர் ஒரு முஸ்லிம் பக்கீரைக் குருவாகக் கொண்டு, அவர்மீது நான்மணிமாலை பாடினார். ஐயாசாமி முதலியார் பதிற்றுப்பத்தந்தாதி பாடினார். குருவின் பாடல்களைத் தேடித் தொகுத்து அச்சேற்றியவர் சீயமங்கலம் அருணாசல முதலியார். அந்தக் கை இல்லாவிட்டால் மாமாவின் வாய்க்கு அந்தப் பாட்டு வந்திருக்குமா, தெரியாது. ஸ்கோவொரோடாவின் நூல்களும் அவர் இருந்தவரை அச்சாகவில்லை. கையெழுத்துப் படிகளாகவே நண்பர்களிடம் சுற்றின. மாணவர் கொவலின்ஸ்கி உட்கார்ந்து அவருடைய வாழ்க்கையை எழுதி வைத்தார். சேர்த்து வைக்கத் தெரியாத குருவுக்கு, சேர்த்து வைக்கிற ஒரு மாணவர் வாய்த்துவிடுகிறார்.

எங்கள் ஜார்ஜ் டவுனில் ஒரு தெரு உண்டு. பழைய பெயர் பிட் தெரு. 1801ல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், சீனர்களின் குவான் யின் கோயில், அந்தண்டை புனித ஜார்ஜ் தேவாலயம், ஒரு எட்டு நடந்தால் குயின் தெருவில் மகா மாரியம்மன் கோயில். 2008ல் யுனெஸ்கோ பட்டியலில் நகரம் சேர்ந்தபிறகு நல்லிணக்கத் தெரு என்று அதைப் பயணிகளுக்குக் காட்டுகிறார்கள். எனக்கும் அதில் பெருமைதான். ஆனாலும் பக்கத்துப் பக்கத்தில் கட்டடங்கள் நிற்பது ஒன்று, ஒரு வீரசைவப் புலவர் பக்கீரின் காலடியில் உட்கார்ந்து பாடம் கேட்பது வேறொன்று. பின்னதை 1830களின் சென்னையில் எந்தப் பலகையும் மாட்டாமல் செய்திருக்கிறார்கள். அந்த நெருக்கம் இன்று எங்களிடம் குறைந்திருக்கிறது. இதை எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. என் சிறுவயதில் மாமாவின் பாட்டு யாருடைய மதத்துப் பாட்டு என்று சந்தில் எவரும் கேட்டதில்லை. என் அம்மா ‘பராபரமே’ வரும் இடத்தில் அடுப்படியிலிருந்தே கூடச் சேர்ந்துகொள்வார்.

இரண்டு ஞானிகளையும் ஒன்றாக்கிவிட நான் முயலவில்லை. ஸ்கோவொரோடா மகிழ்ச்சியின் ஆசான். அவரவர் இயல்புக்குப் பொருந்திய வேலையைக் கண்டுகொள்வதே இன்பம் என்பார். அவருடைய நீதிக்கதை ஒன்றில் குளவி தேனீயைக் கேலி செய்கிறது: நீ சேர்ப்பதை மற்றவர்கள்தானே தின்கிறார்கள் என்று. உண்பதைவிடச் சேர்ப்பதில்தான் தனக்கு இன்பம் என்கிறது தேனீ. குணங்குடியாரிடம் இந்த அமைதி கிடையாது. அவர் அழுகிறார், ஏங்குகிறார், தன்னையே ஏசிக்கொள்கிறார், ‘என்னைக் கைவிட்டுவிடாதே’ என்று குருவின் காலைப் பிடிக்கிறார். எக்காளக்கண்ணியில் மட்டும் அந்த அழுகை வெற்றி முழக்கமாக மாறும். தினமும் பாரம் சுமந்த மாமாவுக்கு எது பொருந்தியது என்று யோசித்ததுண்டு. அழுகையைத்தான் அவர் பாடினார். தேனீயைப்போலத்தான் நடந்தார்.

பாட்டுக்குப் பின்னால் பினாங்குக்கு அச்சும் வந்தது. 1880களில் பினாங்கிலேயே ‘வித்தியா விசாரிணி’ என்று தமிழ் இதழ் நடத்தினார் நாகூர் குலாம் காதிறு நாவலர். ஆனால் பாட்டு அச்சுக்காகக் காத்திருக்கவில்லை. தாயிரா தட்டிப் பாடும் பக்கிரிசாக்கள் வாயிலாக அது தெருவுக்கு வந்துவிட்டது. உக்ரைனிலும் இதே கதை. ஸ்கோவொரோடாவின் பாடல்களைக் கண்பார்வையற்ற லிர்னிக் பாணர்கள் சந்தை சந்தையாகக் கொண்டுபோனார்கள். பாடியவர்கள் பலருக்கும் அது யார் பாட்டு என்றே தெரியாமல் போயிற்று. பெயரை உதிர்த்துவிட்டுப் பாட்டு மட்டும் நடந்தது.

போன வியாழக்கிழமை மாலை சூலியா தெரு முனையில் உள்ள நாகூர் தர்காவுக்குப் போயிருந்தேன். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த சிறிய கட்டடம். உள்ளே யாருடைய உடலும் இல்லை. ஷாகுல் ஹமீது ஆண்டகை அடங்கியிருப்பது நாகூரில், இது கடல் தாண்டி வந்தவர்கள் அவருடைய நினைவுக்கு எழுப்பிய இடம். அவரும் வடக்கே மாணிக்கப்பூரிலிருந்து நடந்து நடந்து நாகூருக்கு வந்து சேர்ந்தவர்தான். ஊதுவத்தி வாசம். ஓரமாக ஓர் இளைஞர் உட்கார்ந்திருந்தார், சாப்பாட்டுக் கடைச் சீருடையில், கையில் மஞ்சள் கறை. வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ‘பராபரமே’ என்று முடிந்தது.

“எந்த ஊர் தம்பி?”

“தொண்டிப் பக்கம்ங்கய்யா. வந்து எட்டு மாசம் ஆச்சு.”

“யார் பாட்டு இது, தெரியுமா?”

அவர் யோசித்தார். “தெரியலைங்கய்யா. எங்க நன்னி பாடும்.”

சொல்லலாமா என்று நினைத்தேன். அதற்குமுன் நானும் சேர்ந்து பாடிப் பார்த்தேன். இரண்டு கண்ணி வந்தது. மூன்றாவது எனக்கு மறந்துபோயிருந்தது. அவர் எடுத்துக் கொடுத்தார்.

(தொடரும்)