முதுகைத் தொட்டு எண்ணுவோம்

எங்கள் தோழி ஒருத்தியின் அக்காவுக்கு அறுவைச் சிகிச்சை மூலம் குழந்தை பிறந்தது. "முதுகில் ஊசி போடுமுன் என்னை உட்கார வைத்து, நன்றாகக் குனியச் சொன்னார்கள். இடுப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்" என்றார் அக்கா. ஏன் அப்படி? ஆசிரியையிடம் கேட்டும், நூல்களில் படித்தும் நாங்கள் அறிந்ததை இங்கே தருகிறோம்.

நம் முதுகெலும்பில் 33 சிறு எலும்புகள் உள்ளன. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5. அதற்குக் கீழேயுள்ள ஒன்பதும் வளர வளர ஒன்றோடொன்று ஒட்டிவிடுகின்றன. இவற்றின் உள்ளே ஓடும் தண்டுவடம், பெரியவர்களுக்குப் பெரும்பாலும் இடுப்பின் முதல் அல்லது இரண்டாம் எலும்பருகே முடிகிறது. ஊசி அதற்குக் கீழேதான் இறங்க வேண்டும். குனிந்தால் எலும்புகளின் இடைவெளி விரியும். ஊசிக்கு வழி கிடைக்கும்.

எலும்பைக் கண்ணால் காண முடியாதே! அதனால் மருத்துவர்கள் சில அடையாளங்களை வைத்திருக்கிறார்கள். குற்றால அருவியில் தலை குனிந்து நிற்கும்போது, பிடரியின் அடியில் புடைத்து நிற்பது பெரும்பாலும் கழுத்தின் 7ஆம் எலும்பு. கைகளைத் தொங்கவிட்டு நின்றால், தோள்பட்டை எலும்பின் கீழ்முனை மார்புப் பகுதியின் 7ஆம் எலும்புக்கு ஏறக்குறைய நேராக இருக்கும். இடுப்பெலும்பின் இருபுற உச்சிகளையும் இணைக்கும் கோடு, இடுப்பின் 4ஆம் எலும்பைக் காட்டும்.

இந்த அடையாளங்கள் எப்போதும் சரியாக இருக்குமா? நாங்களே சோதித்தோம். தோழியின் பிடரிப் புடைப்பின் மேல், அவள் குனிந்திருக்கையில் மையால் புள்ளி வைத்தோம். நிமிர்ந்ததும் தோல் நகர்ந்தது. புள்ளி எலும்பை விட்டு விலகியது. கைகளை உயர்த்தியதும் தோள்பட்டையின் கீழ்முனை வெளிப்பக்கமாக ஓடிவிட்டது. எந்த நிலையில் ஊசி போடுவார்களோ, அந்த நிலையிலேயே இடத்தைக் குறிக்க வேண்டும் என்பது அப்போதுதான் புரிந்தது.

தேர்ந்த கைகளும் தவறுவதுண்டு. 2000ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வில், மயக்க மருத்துவர்கள் தொட்டுச் சொன்னதை எம்.ஆர்.ஐ. படத்தோடு ஒப்பிட்டார்கள். 100க்கு 29 முறையே சரியாக இருந்தது. பாதிக்கு மேற்பட்ட தடவைகளில், உண்மையான இடம் அவர்கள் எண்ணியதைவிட ஓர் எலும்பு இடைவெளி மேலே இருந்தது. அதனால்தான் இயன்றவரை கீழ் இடைவெளியையே தேர்ந்தெடுக்கிறார்கள். ஐயம் வந்தால் ஸ்கேன் துணையை நாடுகிறார்கள்.

தண்டுவடம் எவ்வளவு அருமையானது என்பதற்கு டாக்டர் மேரி வர்கீஸ் அவர்களின் வாழ்வே சான்று. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய அவர், 1954இல் கார் விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். ஆயினும் சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பின்னர் வேலூரில் மறுவாழ்வு மையம் உருவாக முன்னின்றார். 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

தோழியரே, தென்னந்தோப்புகள் நிறைந்த நம் வாசுதேவநல்லூர்ப் பக்கம் மரத்திலிருந்து யாரேனும் விழுந்தால், பதறிப்போய்த் தூக்கி உட்கார வைக்காதீர்கள். கழுத்தும் முதுகும் அசையாமல் பார்த்துக்கொண்டு, 108க்குச் சொல்லுங்கள். வெளியே காயம் தெரியாவிட்டாலும் உள்ளே என்ன நேர்ந்ததென்று நம் கண் அறியாது.